குமிழ் சுத்துதா?

போன மாதம் விடுமுறைக்கு வந்த பேத்தி, வந்த இரண்டாம் நாளே என் மர அலமாரியைக் குடைய ஆரம்பித்துவிட்டாள். பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று அதில் கிடக்கிறது என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். கல்லூரிப் பிள்ளைகளிடம் இப்போது அதுதான் மோஸ்தராம். கையிலிருக்கும் போனே 50 மெகாபிக்சலில் படம் எடுக்கிறது. ஆனாலும் 2008-ஆம் வருஷத்துக் கேமராவில் எடுத்தால் படத்தில் "ஒரு இது" இருக்கிறதாம். அந்த "இது" படத்தில் விழாமல் இருக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

கேமரா கிடைத்தது. கூடவே ஒரு பிஸ்கட் டப்பாவும் கிடைத்தது. உள்ளே நாலைந்து பேட்டரி, லென்ஸ் துடைக்கும் துணி, ஊறுகாய் மூடி போட்ட சின்னப் பாட்டிலில் மெமரி கார்டுகள், பிறகு இரண்டு பென்சில் பேட்டரி. அந்த இரண்டின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி, மார்க்கர் பேனாவால் அ-1, அ-2 என்று எழுதியிருக்கும்.

"இது ரெண்டும் எதுக்கு தாத்தா? குப்பைல போட்டுடட்டுமா?"

"அதுக்கு அப்புறம் வர்றேன். நீ மொதல்ல அந்தக் கேமராவோட அடி மூடியைத் திற."

திறந்தாள். பேட்டரி வெளியே வரவில்லை. தட்டிப் பார்த்தாள், நகத்தால் நெம்பினாள், ம்ஹூம். நான் வாங்கிப் பார்த்தேன். வயிறு உப்பிப்போய் அந்தப் பொந்துக்குள்ளேயே இறுகிக் கிடந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கேமராவை வைத்தே சோறு தின்றவன் நான். "கொஞ்ச நாள் எடுக்க மாட்டோம்னா பேட்டரியைக் கழட்டித் தனியா வைங்க" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னவன். என் வீட்டு அலமாரியில் எத்தனை வருஷமாக இது உள்ளேயே இருந்து உப்பியதோ! பேத்தி எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

ஒரு வழியாக அதை எடுத்தோம். உப்பின பேட்டரியைக் குத்தக் கூடாது, மடக்கக் கூடாது, சார்ஜில் போட்டுப் பார்ப்போமே என்ற ஆசையே வரக் கூடாது. லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்ந்ததால்தான் வயிறு உப்புகிறது. ஒரு சிரட்டையில் மணலைப் போட்டு, அதில் வைத்து, கொல்லைப்புறத் திண்ணையில் தனியாக வைத்தேன். குப்பை வண்டியிலும் சேர்த்துப் போடக் கூடாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரித்துக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பவர்களுடையது. நம்மூரில் அதை வாங்கிக்கொள்ளும் இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் கால் வலிக்கும், அது வேறு கதை.

அடுத்து, புது பேட்டரி. பழையதன் முதுகில் என்பி-6எல், 3.7 வோல்ட், 1000 எம்ஏஹெச் என்று இருந்தது. பேத்தி போனில் தேடி, ஐந்து நிமிஷத்தில் என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "தாத்தா, இது பாருங்க, 1800 எம்ஏஹெச்! வெலையும் பாதி!"

எம்ஏஹெச் என்பது பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் என்கிற கணக்கு. அதே பொந்து, அதே நீள அகலம். கம்பெனிக்காரனே பிற்பாடு இதே அச்சில் என்பி-6எல்ஹெச் என்று ஒன்று போட்டான். அவனால் கூட்ட முடிந்தது 1060 வரைதான். இவன் மட்டும் அதே டம்ளரில் ஒன்றே முக்கால் டம்ளர் பால் ஊற்றுகிறேன் என்கிறான். "அப்ப இது பொய்யா?" என்றாள். பால் எவ்வளவோ தெரியாது, அச்சடித்த எண் பொய். எண்ணிலேயே பொய் சொல்கிறவன் உள்ளே என்ன வைத்திருப்பான்? சூடு ஏறினாலும் மின்சாரம் மிஞ்சினாலும் தானே நிறுத்திக்கொள்ள நல்ல பேட்டரிக்குள் ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும். விலையைக் குறைக்க நினைப்பவன் முதலில் கை வைக்கிற இடங்களில் அதுவும் ஒன்று.

கடை நடத்திய காலத்தில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. சந்தேகமான பேட்டரி வந்தால் எதிர்ச்சாரியில் நகை ஆசாரியின் பட்டறைக்குப் போய்விடுவேன். அவர் தராசில் ஒரு பக்கம் ஒரிஜினல், இன்னொரு பக்கம் டூப்ளிகேட். ஸ்டிக்கர், ஹோலோகிராம், எழுத்து எல்லாம் அச்சு அசலாக இருக்கும், எடை மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை ஆசாரி தட்டைப் பார்த்துவிட்டு, "இதுல செம்பு கலந்திருக்கு சாமி" என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே நோய்தான்.

இதற்காகக் கம்பெனி பேட்டரி மட்டுமே வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வெளிக் கம்பெனி பேட்டரியை நானே பல வருஷம் ஓட்டியிருக்கிறேன். சில கேமரா அதைப் போட்டதும் "இது யாரென்று தெரியவில்லை, தொடரலாமா" என்று திரையில் கேட்கும். சிலதில் சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடு நிறைய இருப்பதாகக் காட்டிக்கொண்டே வந்து திடீரென்று படுத்துவிடும். அந்த குணம் தெரிந்து, பையில் இன்னொன்று வைத்துக்கொண்டால் பிழைப்பு ஓடும். பழைய கேமராவுக்கு ஒரிஜினல் கிடைப்பதும் இப்போது அரிது. கிடைத்தாலும் பத்து வருஷம் பெட்டியில் தூங்கியதாக இருக்கலாம். பயன்படுத்தாமல் வைத்தாலும் பேட்டரிக்கு வயசாகும். அதைவிட, பெயர் தெரிந்த வெளிக் கம்பெனி, போன வருஷம் செய்தது, எண்ணில் அடக்கமாக 1000-ஐ ஒட்டிச் சொல்வது என்றால் தாராளமாக வாங்கலாம். வோல்ட் மட்டும் அப்படியே ஒத்திருக்க வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் நான் செய்த கோமாளித்தனங்களுக்கும் குறைவில்லை. எங்கள் காலத்து ஃபிளாஷுக்கெல்லாம் நிக்கல்-காட்மியம் செல். அதை முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும், இல்லாவிட்டால் பாதியிலேயே நின்று பழகிவிடும் என்பது தொழில் வேதம். சோனி 1991-இல் லித்தியம்-அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது என் கைக்கு வந்துசேரப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனது. வந்ததும் அதற்கும் அதே வேதத்தை ஓதினேன். ஒட்ட ஒட்டத் தீர்த்து, தீர்ந்ததை மாசக் கணக்கில் அப்படியே பெட்டியில் போட்டு வைத்தேன். எடுத்துச் சார்ஜரில் மாட்டினால் சிவப்பு விளக்கு கண்ணைக் கண்ணைச் சிமிட்டும், ஏறாது. இப்படி இரண்டு போனது. லித்தியத்துக்குப் பசியும் ஆகாது, புளிச்ச ஏப்பமும் ஆகாது. ரொம்ப நாள் வைக்க வேண்டுமானால் பாதி சார்ஜில், சூடில்லாத இடத்தில் வைக்க வேண்டும். சூடில்லாத இடம் என்றதும் எனக்கு ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்தது, பிலிம் ரோல்களை அங்கேதானே வைத்துப் பழக்கம். தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் பேட்டரியையும் அடுக்கினேன். வெளியே எடுத்தால் நம் ஊர்க் காற்றுக்கு முத்து முத்தாக வியர்த்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

"சரி, பேட்டரி முடிஞ்சுது. கார்டு 128 ஜிபி ஆர்டர் போட்டுடறேன்" என்றாள் பேத்தி.

இந்த இடத்தில்தான் அவள் கையைப் பிடித்தேன்.

முதல் காரணம் சாதாரணமானது. 128 போட்டால் அந்தக் கேமராவுக்குப் புரியாது. எஸ்டி கார்டு 1999-இல் வந்தபோது அதன் உச்சவரம்பு 2 ஜிபி. 2006-இல் எஸ்டிஹெச்சி வந்தது, அது 32 வரை. 2009-இல் எஸ்டிஎக்ஸ்சி, அதற்கு மேல். மூன்றும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும், பொந்துக்குள்ளும் போகும். புதுக் கேமரா பழைய கார்டைப் படிக்கும், பழைய கேமரா புதுக் கார்டைப் படிக்காது. வீட்டிலும் அப்படித்தானே, பேத்தி பேசுவது எனக்குப் பாதிதான் விளங்குகிறது. 2008-ஆம் வருஷத்துக் கேமராவுக்கு 16 ஜிபி போதும். அதில் எஸ்டிஹெச்சி என்று எழுதியிருக்க வேண்டும். வட்டத்துக்குள் 10 என்று போட்டிருந்தால் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும் என்று பொருள். அந்த வயசான கேமராவுக்கு அதுவே அதிகம். மேலே பெரிய எழுத்தில் 100, 150 என்று போடுவதெல்லாம் படிக்கிற வேகம், எழுதுகிற வேகமில்லை. கார்டில் பெரிய எழுத்தை விட்டுச் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும், மருந்துச் சீட்டைப் போல.

இரண்டாவது காரணத்தைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1977-இல் மன்னார்குடியில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். கல்யாணங்களுக்கு அப்போது 120 ரோல். ஒரு ரோலில் 12 படம், பெரிய இடத்துக் கல்யாணம் என்றால் மூன்று ரோல். ஊட்டியில் தயாரான "இந்து" பிலிம் கறுப்பு வெள்ளைக்கு. முதலாளி அதிகம் பேச மாட்டார். எண்பதுகளில் பென்டாக்ஸ் கே1000 ஒன்று வாங்கினார், 35 எம்எம். அதில் பிலிம் மாட்டக் கற்றுக்கொடுத்தபோது எனக்கு ஒரே ஒரு பாடம்தான் சொன்னார். பிலிமின் நாக்கு பற்சக்கரத்தில் சரியாகக் கவ்வாவிட்டால், லீவரை எத்தனை முறை இழுத்தாலும் பிலிம் நகராது. ஆனால் மேலே எண்ணிக்கை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூசாமல் ஏறிக்கொண்டே போகும். 36 படம் எடுத்தோம் என்று வீட்டுக்கு வந்து கழுவினால் வெறும் பிலிம். கண்டுபிடிக்க ஒரே வழி, லீவரை இழுக்கும்போது இடது பக்கம் இருக்கிற ரீவைண்ட் குமிழ் கூடவே சுற்ற வேண்டும். அது சுற்றினால் உள்ளே பிலிம் நகர்கிறது. ஒவ்வொரு கல்யாணத்திலும் மேடையேறும் முன்னால் என் காதருகே வந்து கேட்பார்: "குமிழ் சுத்துதாடா?"

பதினைந்து வருஷம் நான் சொந்தக் கடை நடத்திய பிறகும் அந்தக் குரல் காதில் கேட்டது. டிஜிட்டல் வந்ததும் நின்றுபோனது. குமிழே இல்லையே, எதைப் பார்ப்பது?

2011 ஆவணியில், நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு கல்யாணம். கேனான் 550டி வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. 18 மெகாபிக்சல். 4 ஜிபி கார்டு மூன்று வைத்திருந்தேன், ஒன்றில் 570 படம் பிடிக்கும். நடுநடுவே மாற்ற வேண்டியிருப்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. சென்னைக்குப் போயிருந்தபோது 16 ஜிபி கார்டு ஒன்று பாதி விலையில் கிடைத்தது. கடைக்காரர் பில் வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்று சொல்லி அதிலும் கொஞ்சம் குறைத்தேன். ஊருக்கு வந்து எல்லாரிடமும் காட்டினேன். "ஒரே கார்டு. மாப்பிள்ளை அழைப்பிலேர்ந்து மறுவீடு வரைக்கும் மாத்தவே வேணாம்."

என் அப்பாயி சில்லறையை மூன்று இடத்தில் வைப்பாள். சுருக்குப்பையில் கொஞ்சம், அரிசிப் பானையில் கொஞ்சம், சாமி படத்துக்குப் பின்னால் கொஞ்சம். "ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்" என்பாள். அவள் பேரன் ஒரு கல்யாணம் மொத்தத்தையும் கொண்டுபோய்ப் பாதி விலைச் சில்லில் வைத்தான்.

ராத்திரி வரவேற்பு அமோகம். விடிகாலை முகூர்த்தம். மேடையில் ஒரு பையன், பதினாலு வயசிருக்கும், சிங்கப்பூரிலிருந்து வந்தவன், பெண்ணுக்குச் சித்தி மகன். கையில் ஒரு சின்னக் கேமரா. நான் எங்கே நிற்கிறேனோ அங்கே அவனும் நிற்பான். "தம்பி, ஓரமா நில்லுப்பா. மறைக்காதேப்பா." நாலு தடவை சொன்னேன், ஐந்தாவது தடவை குரல் உயர்ந்தது. அவன் முகம் சுருங்கி இறங்கிப் போனான். போனவன் கேமரா பேட்டரி தீர்ந்து, எங்கள் கடைப் பையனிடம் போய் நின்றிருக்கிறான். சின்னக் கேமரா, இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடுவது. எங்கள் பையன் என் ஃபிளாஷ் பையிலிருந்து இரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என் ஃபிளாஷுக்கு நாலு செல் வேண்டும். ரீசார்ஜ் செல்லை நாலு நாலாக ஜோடி சேர்த்து, அ, ஆ, இ என்று பெயர் வைத்து, நாலையும் ஒன்றாகச் சார்ஜ் ஏற்றி ஒன்றாகவே தீர்ப்பேன். வலுவான செல்லோடு வலுவில்லாததைக் கலந்தால் வலுவில்லாதது முதலில் தீர்ந்து, மற்றதெல்லாம் அதன் வழியாகத் திருப்பித் தள்ளி, அது கெட்டே போய்விடும். அ-3, அ-4 போய்விட்டால் அ-1, அ-2 என்ன ஆவது? மண்டபத்துப் பின்கட்டில், காய்கறி நறுக்குகிறவர்கள் முன்னால், அந்தப் பையனைக் கிழி கிழியென்று கிழித்தேன். "ஓசில குடுக்க நீ என்ன கர்ணனா?" என்று கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சின்னப் பையன் சார், அழுதுட்டிருந்தான்" என்றான்.

மறுநாள் கடையில் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன். வரவேற்புப் படங்கள் ஒன்றொன்றாகத் திறந்தன. அறுநூறாவது படத்தை ஒட்டி ஒரு படம் பாதி வந்தது, கீழ்ப் பாதி சாம்பல் நிறம். அதற்கு அடுத்தது திறக்கவில்லை. அதற்கும் அடுத்ததும் இல்லை. பெயர் இருக்கிறது, வரிசை எண் இருக்கிறது, நேரம் இருக்கிறது: காலை 6.42, 6.43. உள்ளே ஒன்றுமில்லை. எடுத்தபோது ஒவ்வொரு படத்தையும் கேமராத் திரையில் பார்த்தேனே என்றால், எடுத்த கையோடு திரை காட்டுவது கேமரா தன் உள்நினைவில் வைத்திருக்கும் படத்தை. கார்டுக்குள் போனது என்ன என்பது அந்த நேரத்தில் தெரியாது.

அன்றிரவே பஸ் ஏறிச் சென்னைக்குப் போனேன். அழிந்த படத்தை மீட்டுத் தருகிற இடம் ஒன்று. அங்கே ஓர் இளைஞர் கார்டை அரை நாள் சோதித்துப் பார்த்துவிட்டு, எனக்கு டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் பேசினார். "சார், அழிஞ்சிருந்தா மீட்டுடலாம். தெரியாம ஃபார்மேட் பண்ணியிருந்தாக்கூட, அதுக்கப்புறம் அந்தக் கார்டுல எதுவும் எடுக்காம இருந்தா மீட்டுடலாம். இது அழியலை. எழுதவே இல்லை." உள்ளே இருந்தது 4 ஜிபி சில்லு. 16 என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை யாரோ திருத்தியிருக்கிறார்கள். கேமரா கேட்டால் 16 என்று சொல்லும், 4 நிறைந்த பிறகு வருவதையெல்லாம் வாங்கி வாங்கிக் காற்றில் விடும். எண்ணிக்கை மட்டும் கூசாமல் ஏறும்.

எனக்கு உடனே முதலாளி ஞாபகம் வந்தார். நாக்கு கவ்வவில்லை, குமிழ் சுற்றவில்லை, நான் பார்க்கவில்லை.

பெண் வீட்டுக்கு எப்படிப் போனேன், என்ன சொன்னேன் என்பதெல்லாம் தெளிவாக ஞாபகமில்லை. வாங்கிய பணத்தைக் கவரில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். பெண்ணின் அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்தபடி ரொம்ப நேரம் தரையைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பாயிதான் வாயைத் திறந்தாள். "தாலி கழுத்துல இருக்குல்ல? படத்துல இல்லாட்டி என்ன? எனக்கெல்லாம் எவன் படம் புடிச்சான்?" பெண்ணின் அப்பா கவரைப் பிரித்துப் பாதியை எடுத்துக்கொண்டு பாதியை என் சட்டைப் பையில் வைத்தார். "ராத்திரிப் படம் நல்லாத்தானே இருக்கு. அதுக்குக் கூலி வேணாமா?"

வீடியோக்காரர் கேசட்டிலிருந்து நிறுத்தி எடுத்த படங்கள் அரை மெகாபிக்சல்கூட இல்லை. அளவாகப் போட்டாலும் முகம் பொரிப்பொரியாகத் தெரிந்தது. பத்து நாள் கழித்து அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. சிங்கப்பூர்ப் பையன் பதினொரு படம் அனுப்பியிருக்கிறான். விரட்டிய பிறகு, புது பேட்டரியோடு திரும்பி வந்து எனக்குப் பின்னால் எங்கேயோ நாற்காலி மேல் ஏறி நின்று எடுத்திருக்கிறான். தாலி கட்டும் நொடி இரண்டு படத்தில் இருந்தது. ஒன்று ஆட்டம். இன்னொன்று துல்லியம்: மாப்பிள்ளையின் விரல், மூன்றாவது முடிச்சைப் போடக் குனிகிற நாத்தனார், அட்சதை அந்தரத்தில். படத்தில் இடது பாதி முழுக்க ஒரு முதுகு. வேர்வையில் ஒட்டின சட்டை, உச்சியில் வழுக்கை. நான்தான். மறைக்காதே மறைக்காதே என்று அவனிடம் சொன்னவன்.

வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். என்னை வெட்டினால் பெண்ணின் அம்மா போய்விடுவார். அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அந்த ஆல்பத்தில் இன்றைக்கும் நடுப்பக்கத்தில் நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது எடுத்துப் பார்த்துச் சிரிப்பதாகச் சொன்னார்கள். போன் போட்டுச் சிங்கப்பூர்ப் பையனுக்கு நன்றி சொன்னேன். "அங்கிள், அந்த பேட்டரி ரெண்டும் என்கிட்டயே இருக்கு, அனுப்பவா?" என்றான். வைத்துக்கொள் என்றேன். கடைப் பையனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் ஒரு மாசம் பிடித்தது. அவன் மறந்தே போயிருந்தான், அல்லது அப்படிச் சொன்னான். இப்போது திருவாரூரில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறான்.

அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு உண்டு. பேட்டரி கைவிட்டால் இனிமேல் எடுக்க இருப்பது போகும். பக்கத்தில் யாரிடமாவது கடன் வாங்கலாம், எவனாவது ஒரு நல்ல பையன் கொடுப்பான். கார்டு கைவிட்டால் எடுத்து முடித்தது போகும், அதை யாரும் கடன் கொடுக்க முடியாது. கையில் இருக்கிற காசு எதற்கு முதலில் என்று கேட்டால் கார்டுக்கு என்பேன். பில் போட்டுத் தருகிற கடையில், ஒரு பெரிய கார்டுக்குப் பதில் இரண்டு சின்னது. வாங்கியதும் ஒரு தடவை முழுக்க நிரப்பி, கடைசியாகப் போனதைத் திறந்து பார்க்காமல் எந்தக் கார்டும் என் வீட்டை விட்டு வெளியே போகாது. அதுதான் நான் கண்டுபிடித்த குமிழ்.

பேத்தி ஆர்டர் போட்ட 16 ஜிபி கார்டு இரண்டும் நாலாம் நாள் வந்தன. ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டதும், "தாத்தா, ஏமாத்திட்டாங்க! 14.9தான் காட்டுது" என்று அலறினாள். அது ஏமாற்று இல்லை. கார்டு செய்கிறவன் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறான், கம்ப்யூட்டர் 1024-ஆல் மூன்று முறை வகுத்து எண்ணுகிறது. ஊர்ப் படிக்கும் பட்டணத்துப் படிக்கும் உள்ள வித்தியாசம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஜெர்மன்காரர்கள் செய்த ஓசி மென்பொருள் ஒன்று இருக்கிறது. கார்டு முழுக்க எதையாவது எழுதி, திரும்பப் படித்து, ஒத்துப் பார்த்துச் சொல்லும். அதை ஓட விட்டோம். கார்டு ஒன்றுக்கு முக்கால் மணி ஆனது. இந்தக் கதையை அவளுக்குச் சொல்லி முடிக்கவும் அவ்வளவு நேரம்தான் தேவைப்பட்டது.

அடுத்த மாசம் தோழிகளோடு அந்தமான் போகிறாளாம், விமானத்தில். மாற்று பேட்டரியை லக்கேஜில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும், முனையில் டேப் ஒட்டி, சாவிக்கொத்தோடு உரசாமல். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வருவது 100 வாட்-மணிக்குள் இருந்தால் கேள்வி கேட்க மாட்டார்கள். அவளுடையது நாலுகூட வராது. கடற்காற்றில் லென்ஸைத் திறந்து போடாதே என்றும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

இரண்டு கார்டும் பிழை இல்லை என்று பச்சையில் வந்தது. டப்பாவை எடுத்து வைக்கும்போது அந்த பென்சில் பேட்டரிகளைச் சோதனைக் கருவியில் வைத்துப் பார்த்தாள். முள் அசையவில்லை.

"ரெண்டுமே செத்துப்போச்சு தாத்தா."

"தெரியும். அங்கேயே வை."

வைத்தாள். புது பேட்டரி போட்ட கேமராவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவள் பாட்டி அங்கே முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் சாய்வாக விழுந்து, தூசி பொன்னாகப் பறந்தது. நல்ல வெளிச்சம். எந்தப் பக்கம் நின்றால் நன்றாக வரும் என்று சொல்லிக்கொடுக்கலாமென்று நானும் எழுந்து போய் நின்றேன்.

"தாத்தா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க," என்றாள் பேத்தி. "உங்க முதுகு மறைக்குது."